ஆணிக்கு எழுதிய புரோகிராமும் பூரணமக்காவின் புகையிலையும்

உங்களிடம் ஒரு கேள்வி. பூட்டிய அறைக்குள் நூறு கிலோ புகையிலை இருக்கிறது. திறப்பு, அதாவது சாவி, ஒருத்தியின் இடுப்பில். மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் எண்பத்தாறு கிலோதான் நிற்கிறது. மீதியை எடுத்தது யார்?

அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் நீங்கள் கொக்குவில் சீவரத்தினம் முதலாளியின் கூடப்பிறந்தவராக இருக்கவேண்டும். அவரும் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்ன பெயர் பூரணம்.

பூரணம் புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்த வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, தோட்டம் முடியவில்லை. இலையை இரண்டு விரலுக்கு இடையில் உரசிப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் புகை போடவேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்த வயதில், கொக்குவிலில் சுருட்டுச் சுற்றும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நெஞ்சு வருத்தத்தில் செத்தபோது பூரணத்துக்கு முப்பத்திரண்டு வயது. மறுமாதமே சீவரத்தினத்தின் சுருட்டுக் கொட்டிலில், இலையின் நடுக்காம்பைக் கிழித்து எடுக்கும் வேலைக்கு வந்து குந்தினார். சில வருடங்களில் இலை அறைப் பொறுப்பாளர் மத்திய கிழக்குக்குப் போய்விட, திறப்பு இவரிடம் வந்தது. ஒரு பெண்ணின் இடுப்பில் களஞ்சியத் திறப்பா என்று ஊரில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். அந்த நாலைந்து பேரில் எவருக்கும் நல்ல இலைக்கும் வாழைச் சருகுக்கும் வித்தியாசம் தெரியாது.

எல்லோருக்கும் அவர் பூரணமக்கா. நாளுக்கு இரண்டு சுருட்டுக் குடிப்பார். வேலை நேரத்தில் பிடிபட்டால், "குடிக்கேல்லை, இலையின்ரை குணம் பாக்கிறன்" என்பார்.

அந்தக் கொட்டிலில் ஒரு வழக்கம் இருந்தது. இருபத்தெட்டுப் பேர் பாய் விரித்து, மடியில் பலகை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அதனால் நடுவில் உட்கார ஒரு நீள வாங்கைப் போட்டு, தில்லைநாதன் என்ற ஓய்வுபெற்ற தபால் கந்தோர் எழுதுவினைஞர் அன்றைய பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் உரத்து வாசிப்பார். கூலியாக, சுற்றுபவர்கள் ஆளுக்கு இரண்டு சுருட்டு அவருக்குக் கொடுப்பார்கள். வாசிக்கும்போது யாரும் குறுக்கே கதைக்கலாம், சிரிக்கலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். தில்லைநாதன் மட்டும் குரல் மாறாமல் வாசித்துக்கொண்டே போவார்.

இந்தக் கொட்டிலுக்குத்தான் 1986ஆம் ஆண்டு ஒரு கணினி வந்தது.

கொண்டுவந்தவர் முதலாளியின் மருமகன் தேவராசா. கொழும்பில் ஆணி, கதவுப் பிணைச்சல், குழாய் விற்கும் பெரிய கடையொன்றில் களஞ்சியத்தைப் பார்த்தவர். அந்தக் கடையில் கணினி வைத்தபோது, மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, கடைக்கான புரோகிராமைத் தானே இரண்டு வருடம் இருந்து எழுதினார். எண்பத்து மூன்று ஆடி இனக்கலவரத்தில் கடையை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் தாலிக்கொடி, காணி உறுதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என்று கையில் அகப்பட்டதைக் காப்பாற்றி வந்தார்கள். தேவராசா காப்பாற்றி வந்தது, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த மெல்லிய சதுரக் கணினித் தட்டு ஒன்றை. எரிந்துபோன கடையில் எந்த ஆணி எந்தத் தட்டில் இருந்தது என்று அதற்குள் இன்னமும் எழுதியிருந்தது. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் புரோகிராமில் ஒரு பிழையும் அவர் கண்ணுக்குப் படாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

கணினி லொறியில் வந்தது. ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் மறித்த சிப்பாய்க்குச் சாரதி "ரி.வி." என்று சொன்னான். "படத்தைக் காட்டு" என்றான் சிப்பாய். "வீட்டிலை அன்ரனா இருக்கு" என்று சொல்லித் தப்பி வந்தார்கள்.

முதலாளி சாத்திரியாரிடம் போய் நல்ல நேரம் கேட்டார். பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு மின்சாரம் நின்றது. சாத்திரியாரின் கிரகங்களுக்கு மின்சாரசபையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இருட்டுத் திரைக்கே கற்பூரம் காட்டினார்கள். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கலாம். கணினிக்குச் சில்லு இல்லை. ஆகவே மேசையின் நாலு காலுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்கள். மேசை ஆடத் தொடங்கியது. ஒரு மாதம் ஆடியது. திரையின் நடுவில் முதலாளி வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்க யாருக்கும் துணிவில்லாததால், அதன் பிறகு வந்த இலக்கங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தன.

"தம்பி, உது இலையைத் தொட்டுப் பாக்குமோ?" என்று பூரணமக்கா கேட்டார்.

"இல்லையக்கா. நிறையைச் சொன்னால் காணும். மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்."

"தொடாமல் இலையைப் பற்றிக் கதைக்கிற ஆக்களை நான் முந்தியும் கண்டிருக்கிறன். எல்லாரும் தரகர்மார்."

அதுவரைக்கும் அந்தக் கொட்டிலில் இலையைச் சிப்பம் சிப்பமாக, கட்டுக் கணக்கில்தான் வாங்கி வைத்தார்கள், கொடுத்தார்கள். வாங்கும் நாளைத் தவிர வேறு நாளில் எவரும் தராசில் போட்டதில்லை. தேவராசா வந்து அதை மாற்றினார். சனிக்கிழமை தோறும் அறையில் உள்ளது முழுவதையும் நிறுக்கவேண்டும். பூரணமக்கா நிறுத்துச் சொல்ல, தேவராசா தட்டெழுதுவார். ஒவ்வொரு சரக்குக்கும் பொறுப்பாளர் என்று ஒரு பெயரைக் கணினி கேட்கும். அந்த இடத்தில் பூரணம் என்று எழுதினார்.

வைகாசியில் புத்தூர் இலை ஆயிரத்து இருநூறு கிலோ வந்து இறங்கியது. தென்மேற்கிலிருந்து வறண்ட சோழகக் காற்று தொடங்கியது. செப்ரெம்பர் நடுவில் முதலாளி முழு அறிக்கை கேட்டார். அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டு துளைக் கரை போட்ட கடதாசியைத் துப்பியது. கொட்டிலுக்குக் கொடுத்த இலையைக் கழித்துப் பார்த்தால், அறையில் நூற்று அறுபத்து மூன்று கிலோ எழுநூற்று ஐம்பது கிராம் குறைவு. அதற்கு நேரே ஒரே ஒரு சொல்: களவு.

கணினி ஏன் அப்படி எழுதியது என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொக்குவிலில் அதை அறிய இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஆணிக்கடைக்கு எழுதிய அந்தப் புரோகிராமுக்கு, ஒரு பொருள் களஞ்சியத்தில் குறைவதற்கு மூன்றே மூன்று காரணம் தெரியும். கொடுத்தது, உடைந்தது, களவு போனது. கொடுக்காததும் உடையாததும் களவாகத்தானே இருக்கவேண்டும்? ஆணிக்கு அது சரி. ஆணி காற்றில் காயாது. பிணைச்சல் மழைக்கு ஈரம் குடிக்காது. குழாய்க்குக் கிழித்து எறிய நடுக்காம்பு கிடையாது. புகையிலை இதெல்லாம் செய்யும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

முதலாளி பூரணமக்காவைக் கூப்பிட்டார்.

"பூரணம், இதுக்கு என்ன சொல்லுறீர்?"

"இலை காஞ்சிருக்கு முதலாளி."

"காயும் எண்டு எனக்குத் தெரியாதோ? முப்பது வருசம் இந்தத் தொழில். காயிறது எண்டால் ஒரு பத்துக் கிலோ, பதினைஞ்சு கிலோ. இது நூற்று அறுபத்து மூண்டு கிலோ எழுநூற்று ஐம்பது கிராம்! காத்து கிராம் கணக்குப் பாத்தோ எடுக்கும்?"

பாருங்கள், அவரை வீழ்த்தியது அந்த முக்கால் கிலோதான். சும்மா "நூற்று அறுபது மட்டில்" என்று ஒரு மனிதன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். கிராம் வரைக்கும் சொல்லுகிற வாய் பொய் சொல்லாது என்று நினைத்தார்.

"நான் எடுத்திருந்தால் முக்கால் கிலோவை உங்களுக்கு விட்டிருப்பன்," என்றார் பூரணமக்கா.

"பகிடி விடாதை! திறப்பைத் தா."

'நீர்' அந்த இடத்தில் 'நீ' ஆகிவிட்டது. திறப்பு முதலாளியின் இடுப்புக்குப் போனது. ஒழுங்கான மனிதரான தேவராசா, கணினியிலும் பொறுப்பாளர் பூரணம் என்றிருந்ததை அழித்துச் சீவரத்தினம் என்று மாற்றினார். பூரணமக்கா பழையபடி நடுக்காம்பு கிழிக்கும் பாய்க்குப் போனார். கார்த்திகை விளக்கீட்டுக்குள் இலை வரவேண்டும், இல்லாவிட்டால் விசயம் ஆயுதம் தாங்கிய இயக்கப் பெடியளிடம் போகும் என்று முதலாளி சொன்னார்.

அந்த வசனத்தின் நிறை இப்போது இருப்பவர்களுக்கு விளங்காது. அந்த நாட்களில் கள்ளர் என்று பெயர் எடுத்தவர்களை விசாரிக்க நீதிமன்றம் கிடையாது. சந்தி மின்கம்பம் இருந்தது. கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்கள் எல்லோரும் எடுத்தவர்கள்தான் என்று எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. போகவிருந்தது பூரணமக்காவின் வேலை மட்டும் அல்ல.

கொட்டிலில் பாதிப் பேர் நம்பவில்லை. பாதிப் பேர் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டு பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். பத்து வருடமாகப் பூரணமக்காவின் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த ஒருத்தி, தனக்குச் சீனி வியாதி என்று சொன்னாள். அடுத்த நாள் வேறொருவரின் பனங்கட்டியைக் கடித்தாள்.

முதலாளி பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தார், களவு போன இலை திரும்பிவர வேண்டுமென்று.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. கிடுகுக் கூரையின் ஈரம் அறைக்குள் இறங்கியது. சனிக்கிழமைத் தராசில் இலை கூடத் தொடங்கியது. கிழமைக்குக் கிழமை கூடியது. தேவராசா இலக்கத்தைத் தட்டினார். ஒரு பொருள் களஞ்சியத்தில் தானாகக் கூடுவதற்கு ஆணிக்கடைப் புரோகிராமுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்: வாடிக்கையாளர் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பது. நவம்பர் நடுவில் அச்சுப்பொறி மறுபடியும் துப்பியது. நூற்று இருபத்தொரு கிலோ ஐந்நூறு கிராம். திருப்பித் தரப்பட்டது.

நூற்றெட்டுத் தேங்காயும் அன்றைக்கே உடைந்தன.

அறிவுள்ள எவரும் என்ன நினைப்பார்? போனதும் வந்ததும் ஒருவர் கையாலும் அல்ல என்று நினைப்பார். சீவரத்தினம் வேறுமாதிரி நினைத்தார். திருப்பித் தந்தபடியால் எடுத்தது உறுதி! பூரணமக்காவை விடுவிக்க வேண்டிய இலக்கமே அவரைக் கட்டிப்போட்டது.

"பிள்ளையார் உன்ரை மனதைத் திருப்பியிருக்கிறார்," என்றார் முதலாளி, மிகுந்த கருணையோடு. "நான் மன்னிக்கிறன். பெடியளிட்டைப் போகேல்லை. ஆனா வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை எடுத்தனான் எண்டு ஒத்துக்கொள்ள வேணும். இல்லையெண்டால் முடிவு வேறை."

"திறப்பு உங்கடை இடுப்பிலை எல்லோ முதலாளி? பூட்டின அறைக்குள்ளை நான் எப்பிடிக் கொண்டந்து வைச்சது?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அவர் நினைச்சால் பூட்டு என்ன செய்யும்?"

"பிள்ளையாரோ கொண்டந்தவர்? நூற்று இருபத்தொரு கிலோவையும் அந்த எலியிலை ஏத்தியோ?"

பின்னால் பாயில் இருந்த இராசநாயகத்துக்குப் புரையேறிவிட்டது. கொட்டிலில் மிகக் கெட்டியாகச் சுருட்டுச் சுற்றுபவர் அவர், வாயும் அப்படியே. "எலி பாவம் அக்கா, அதுக்கும் சுமைகூலி குடுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

பூரணமக்கா முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். "ஓம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை கதைக்கிறன்."

வெள்ளிக்கிழமை, மழை விட்டு மூன்றாம் நாள், வெயில் சுள்ளென்று இருந்தது. வீதி மறிப்பால் பத்திரிகை வரவில்லை. முதலாளி கதிரை போட்டு இருந்தார், பக்கத்தில் தேவராசா. பூரணமக்கா எழும்பினார்.

"முதலாளி, ஒத்துக்கொள்ள முதல் நான் எடுத்தது எவ்வளவு எண்டு எனக்குத் தெரியவேணும். எனக்கு இங்கிலிசு தெரியாது. தம்பியின்ரை கடதாசியைத் தில்லைநாதன் அண்ணை வாசிக்கட்டும். இண்டைக்குப் பேப்பரும் இல்லைத்தானே."

நியாயமாகத்தான் பட்டது. தேவராசா கிழமைவாரி அறிக்கையைக் கொடுத்தார். தில்லைநாதன் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, வாங்கில் நிமிர்ந்து இருந்து, வழக்கமான செய்திக் குரலில், தமிழில் வாசிக்கத் தொடங்கினார்.

"செப்ரெம்பர் முதற் கிழமை. களவு, பதினெட்டுக் கிலோ நானூறு கிராம்."

"அது நல்லூர்த் தேர்க் கிழமை," என்றார் இராசநாயகம், கை சுற்றிக்கொண்டிருக்க. "மணல் சுட்டு என்ரை உள்ளங்கால் உரிஞ்சது."

"செப்ரெம்பர் இரண்டாங் கிழமை. களவு, இருபத்தொரு கிலோ."

"புயல் மாதிரிச் சோழகம் அடிச்சது. எங்கடை வேலி விழுந்தது," என்றது இன்னொரு குரல்.

"வாசியுங்கோ அண்ணை, ஒக்ரோபர் வாசியுங்கோ," என்றார் பூரணமக்கா.

"ஒக்ரோபர் மூன்றாங் கிழமை. திருப்பித் தரப்பட்டது, ஒன்பது கிலோ."

"மழை துவங்கின கிழமை!"

"ஒக்ரோபர் கடைசிக் கிழமை. திருப்பித் தரப்பட்டது, இருபத்தாறு கிலோ."

"தண்டவாளம் தாண்டுறதுக்கு நான் சாறத்தைத் தலையிலை கட்டினன்," என்றார் இராசநாயகம். "பூரணமக்கா அந்த வெள்ளத்துக்குள்ளாலை இருபத்தாறு கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்தவவோ? பாராட்டு விழா வையுங்கோ!"

கொட்டில் சிரித்தது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை, தில்லைநாதன் நிற்பதும் இல்லை. வெயில் அடித்த கிழமை எல்லாம் களவு. மழை பெய்த கிழமை எல்லாம் திரும்பி வந்தது. மழை இல்லாமல் வெறும் மந்தாரமாக இருந்த ஒரு கிழமை களவும் இல்லை, வருகையும் இல்லை. "அண்டைக்குக் கள்ளி லீவு," என்றது ஒரு குரல். வாசித்து முடிந்தபோது இருபத்தெட்டுப் பேரில் சுற்றிக்கொண்டிருந்த கை ஒன்றுகூட இல்லை. தேவராசா கடதாசியை வாங்கித் தானே ஒருமுறை கண்ணால் ஓட்டினார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார்.

முதலாளி மட்டும் அசையவில்லை. "வெயிலுக்கு இவ்வளவு போகாது. நான் நம்பமாட்டன்."

"நம்பவேண்டாம். நிறுவுவம்," என்றார் பூரணமக்கா. "பன்னிரண்டு கிலோ இலையை நிறுத்துத் தாங்கோ. முத்தத்திலை பாயிலை பரப்புவம். நீங்கள் கதிரையைப் போட்டுப் பக்கத்திலை காவல் இருங்கோ. ஒரு ஈயையும் அண்ட விடாதையுங்கோ. பின்னேரம் நிறுப்பம்."

அப்படியே செய்தார்கள். முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். மகள் குணலட்சுமி சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். இலைக்குப் பக்கத்தில் போன கோழியைக்கூட அவர் குடையால் கலைத்தார். மூன்று மணிக்கு இலையை அள்ளித் தராசில் போட்டார்கள். பத்துக் கிலோ தொளாயிரம்.

முதலாளி தராசின் மறுதட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். பாயை உதறிப் பார்த்தார். கீழே ஒன்றும் இல்லை.

"தம்பி," என்றார் பூரணமக்கா, "கரண்ட் நிக்க முதல் உதைப் போய்க் கொம்பியூட்டரிலை போடும். அது என்ன சொல்லுது எண்டு கேப்பம்."

தேவராசா போய்த் தட்டினார். எல்லோரும் வாசலில் முண்டியடித்தார்கள். அச்சுப்பொறி கிறீச்சிட்டது. தில்லைநாதன் கடதாசியைக் கிழித்து எடுத்து வாசித்தார்.

"களவு, ஒரு கிலோ நூறு கிராம். பொறுப்பாளர், சீவரத்தினம்."

அடுத்த சில நிமிடங்களுக்கு அந்தக் கொட்டிலில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. "பெடியளுக்குச் சொல்லி விடுவமோ?" என்று இராசநாயகம் கேட்டது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் அடங்கியது. எல்லோரும் பூரணமக்காவைப் பார்த்தார்கள்.

முதலாளி இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து நீட்டினார். பூரணமக்கா கையை நீட்டவில்லை.

"வாயாலை எடுத்ததை வாயாலை வையுங்கோ முதலாளி. எல்லாருக்கும் முன்னாலை எண்டு சொன்னது நீங்கள்தானே."

"பூரணம்... நீர் எடுக்கேல்லை."

"சத்தம் காணாது!" பின்னாலிருந்து இராசநாயகம்.

"பூரணம் எடுக்கேல்லை!" என்று கத்தினார் முதலாளி.

தில்லைநாதன் வாங்கில் ஏறி, இன்றைய முக்கிய செய்தி என்று தொடங்கி, அதை மறுபடியும் ஒருமுறை வாசித்தார். அதன் பிறகே திறப்பு கைமாறியது. உடைத்த நூற்றெட்டுத் தேங்காய் மட்டும் யாருக்கும் திரும்பி வரவில்லை. ஆணிக்கடைப் புரோகிராமில் 'உடைந்தது' என்று இருந்த இடத்துக்கு ஏற்ற ஒரே சரக்கு அதுதான்.

அன்று மாலை தேவராசா இலை அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, புரோகிராமிலை பிழை இல்லை. ஆணிக்கு அது சரியாத்தான் வேலை செய்தது."

"ஆரும் பிழை எண்டு சொன்னதோ தம்பி? எரிஞ்ச கடைக்கு அது நல்ல புரோகிராம். இது அந்தக் கடை இல்லை. உள்ளுக்கு வாரும்."

நாற்பது நாள் அவர் இலை அறையில் இருந்தார். தும்மித் தும்மி எழுதினார். ஆயிரம் கிலோ பச்சை வாசம் போகாத இலை சோழகத்தில் எவ்வளவு காயும், வாடை மழையில் எவ்வளவு ஈரம் குடிக்கும், நடுக்காம்பு கிழித்தால் எவ்வளவு கழியும், தூளாக எவ்வளவு உதிரும், உதிரும் தூள் எங்கே போகும், எந்தத் தோட்டத்து இலை எத்தனை மாதம் கிடந்தால் காரம் அடங்கும், ஒரு கிலோ இலையில் எத்தனை சுருட்டு வரும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். பூரணமக்கா விரலால் உரசிச் சொன்னதைத் தராசில் வைத்துச் சரிபார்த்தார். சில இடங்களில் பூரணமக்கா சொன்னதும் பிழைத்தது. அதையும் எழுதினார்கள்.

"அக்கா, களவு எண்ட இடத்தை எடுத்துவிடட்டோ?"

"எடுக்காதையும். கள்ளர் இல்லாத ஊரோ இது? ஆனா அந்தச் சொல்லை எழுத முதல் மற்றதெல்லாத்தையும் அது கேக்கவேணும். காஞ்சதோ? கழிச்சதோ? உதிர்ந்ததோ? நிறுத்தவன் சரியா நிறுத்தவனோ? நாலுக்கும் இல்லை எண்டால்தான் அஞ்சாவதாய் அந்தச் சொல்."

புதுப் புரோகிராம் வந்த பிறகு நடந்தது இதுதான். முன்பெல்லாம் காலி, மாத்தறைக் கடைக்காரர்களுக்கு நாற்பது பெட்டி சுருட்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டு முப்பத்து மூன்றோ முப்பத்து நாலோதான் அனுப்ப முடியும். முதலாளி வாங்கிய நிறையைப் பார்த்து வாக்குக் கொடுப்பார். அதில் ஆறில் ஒரு பங்கு காம்பாகவும் காற்றாகவும் போகும் என்பதை எண்ணமாட்டார். குறைந்ததற்குச் சுற்றுபவர்களை ஏசுவார். எண்பத்தேழு தையில் கணினி முப்பத்து மூன்று பெட்டி என்று சொன்னது, அதையே வாக்குக் கொடுத்தார், அதையே அனுப்பினார். வருடக்கணக்காக இருந்த ஏச்சு ஒரு மாதத்தில் நின்றது. இன்னொரு முறை, ஒரு தோட்டத்து இலை மட்டும் அளவுக்கு மிஞ்சி ஈரம் குடிக்கிறது என்று காட்டியது. பூரணமக்கா சிப்பத்தைப் பிரித்தார். உள்ளே பூஞ்சணம் அப்போதுதான் வெள்ளையாகப் படரத் தொடங்கியிருந்தது. பழைய புரோகிராமாக இருந்தால் அந்தக் கிழமை பிள்ளையாருக்கு இன்னொரு நேர்த்தி முடிந்தது என்று மகிழ்ந்திருப்பார்கள்.

புகழ் பரவியது. குருநகரில் ஐஸ் கட்டித் தொழிற்சாலை வைத்திருந்த செபநாயகம் ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தேவராசா, உந்தச் சுருட்டுப் புரோகிராமிலை எனக்கும் ஒரு பிரதி போட்டுத் தாரும். என்ரை ஆக்கள் ஐஸைக் களவெடுக்கினம் போலை கிடக்கு."

தேவராசா வாய் திறக்குமுன் பூரணமக்கா அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"ஐயா, உங்கடை ஐஸ் காயுமோ?"

"ஐஸ் காயுமோ? என்ன கதை பிள்ளை! உருகும்."

"அப்ப உருகுறதுக்கு எழுதுவியுங்கோ. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் உங்கடை கட்டிக்குப் பக்கத்திலை நாற்பது நாள் இருத்துங்கோ. குளிருக்குக் கம்பளி குடுத்து விடுங்கோ."

தொண்ணூறில் போர் மூண்டு மின்சாரம் நின்றது, நின்றது நின்றதுதான். கணினி சந்தனப் பொட்டோடு மூலையில் இருந்தது. புரோகிராம் நிற்கவில்லை. அதன் கேள்விகளை அதே வரிசையில் கோடு போட்ட தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, பூரணமக்கா சனிக்கிழமை தோறும் மண்ணெண்ணெய் விளக்கும் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் நிரப்பினார். தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது, கொடிகாமம் வரைக்கும் அந்தத் தாள்களை உடுப்புப் பைக்குள் வைத்து நடந்தார். தேவராசா அந்தக் கணினித் தட்டைக் காப்பாற்றியதைப் போலத்தான். அங்கே ஒரு புகையிலை வியாபாரி, ஆயிரம் கிலோவில் நூறைக் காணோம் என்று தன் கூலியாளை அடிக்கக் கை ஓங்கியபோது, அந்தத் தாளைப் பிரித்துக் காட்டி முதற் கேள்வியைக் கேட்டாராம். "காஞ்சதோ எண்டு பாத்தனீரோ?"

இனி உங்களிடம்தான். நீங்கள் சவர்க்காரம் காய்ச்சுபவராக இருக்கலாம், வலை பின்னுபவராக இருக்கலாம், ஓடு சுடுபவராக இருக்கலாம். உங்களிடமும் யாரோ வேறு எதற்கோ எழுதிக் கொடுத்த ஒரு பட்டியலோ புரோகிராமோ இருக்கும். நாளைக் காலையில் அதைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருள் தன்பாட்டில் காய்வதற்கும் உருகுவதற்கும் கழிவதற்கும் அதில் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், உங்கள் களஞ்சியத்தில் கைவைத்து வேலை செய்கிறவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல அந்த இடத்தை எழுதுங்கள். அதை எழுதி முடிக்கும்வரைக்கும், தயவுசெய்து, ஒருவரையும் கூப்பிட்டுத் திறப்பைக் கேட்காதீர்கள்.